இருபத்தைந்து சொற்கள்

பூங்கோதைக்குக் காதில் துளை இல்லை என்பதை எனக்கு முதலில் சொன்னவர் செவிலி எஸ்தர் கமலம். பிரசவம் பார்த்த மருத்துவர் சொல்லவில்லை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் கணவர் சொல்லவில்லை. அவர் வாசலில் நின்று குழந்தையின் எடையை மட்டும் கேட்டாராம். எஸ்தர் கமலம்தான் துணியில் சுற்றிய குழந்தையை என் பக்கத்தில் கிடத்தித் துணியின் நுனியை விலக்கிக் காட்டினார். "டீச்சர், பிள்ள நல்லாத்தான் இருக்கு. காது மட்டும் ரெண்டு பக்கமும் மொச்சக்கொட்ட கணக்கா சின்னதா இருக்கு, ஓட்டை இல்ல. பயந்துராதீங்க. உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கும். வாசல்தான் இல்ல, வீட்டுக்குள்ள ஆள் இருக்கு." அத்தனை களைப்பிலும் அந்த உவமையில் ஒரு பிழை இருப்பதாக எனக்குப் பட்டது. வாசல் இல்லாத வீட்டுக்குள் ஆள் எப்படிப் போயிருக்க முடியும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். இன்று மதுரையில், மருத்துவமனையின் செவித்திறன் பிரிவில், பதினான்காம் எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதில் திருத்த ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. உள்ளே ஆள் இருந்தது. உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற நான்தான், கதவு திறந்தே இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கி ஊருக்குக் காட்டினேன். அந்தச் சான்றிதழைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். பன்னிரண்டாம் எண்ணை அழைக்கிறார்கள். இன்னும் இருவர்.

அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். ஒருவர் புலம் எங்கே முடிகிறது, அடுத்தவர் புலம் எங்கே தொடங்குகிறது என்பதை முடியிழை போன்ற கோடுகளால் காட்டுகிறவள். காத்திருக்கும் நேரத்தில் எதிர்வரிசையின் வாய்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "அந்தப் பச்சைச் சேல அம்மா மருமகளப் பத்திச் சொல்றாங்க. சொல்லட்டுமா?" என்கிறாள். "வேண்டாம்" என்கிறேன், வாயை நன்றாகத் திறந்து. "நல்லவேள. சொன்னா நீங்க எந்திரிச்சுப் போய்ப் புத்தி சொல்லிருவீங்க." சிரிக்கிறாள். இருபது அடிக்கு அப்பால் தணிந்த குரலில் பேசுவதைப் படித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் பேருந்து வந்து நின்றால் தெரியாது. வலப்பக்கம் மழித்த இடத்தில் முடி அரை விரற்கடை வளர்ந்திருக்கிறது. அறுவை முடிந்து ஏழு வாரம். தோலுக்கடியில் ஒரு காந்தம், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் முனையில் அரிசி நொய்யளவு ஒரு துண்டு. அந்த நொய் அதிர்ந்தால் அங்கவடி எலும்பு அதிரும். அங்கவடி அதிர்ந்தால் உட்செவி கேட்கும். சுத்தி, பட்டை, அங்கவடி. ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை விடுப்பில் போன ஆண்டு நானே இந்த மூன்று எலும்புகளையும் கரும்பலகையில் வரைந்து, பெயர் எழுதி, பிள்ளைகளை மூன்று முறை சொல்ல வைத்திருக்கிறேன். முதல் பெஞ்சில் இவளும் இருந்தாள். இவளுக்குள் சுத்தியும் பட்டையும் பிரியாமல் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன என்பதை இந்த ஆண்டு எடுத்த படம்தான் சொன்னது. அங்கவடி மட்டும் நன்றாக இருந்ததாம். பிறந்த நாளிலிருந்து நன்றாக இருந்ததாம். மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் காட்டி, "சின்ன வயசுலயே எலும்பு வழியாக் கேக்குற பட்டையாவது தலையில மாட்டியிருக்கலாமே, ஏன் விட்டீங்க?" என்று கேட்டபோது இவள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்ப எல்லாம் யாருக்கு சார் தெரியும்" என்று எனக்காக அவளே பதில் சொன்னாள். எனக்குத் தெரியும். அவள் தகப்பனாருக்கும் தெரியும். குளியலறை. இல்லை, குளியலறையைப் பற்றி நினைக்கக் கூடாது. அறுவைக்கு நாள் குறித்ததைக்கூட அவள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. குறித்துவிட்டுக் கைப்பேசியில் எழுதி அனுப்பினாள். ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தாள்: கருவிய ஆன் பண்ற அன்னைக்கு நீங்க கூட வாங்க, எனக்கு எதிரே உக்காருங்க. எதிரே என்று ஏன் எழுதினாள்? பக்கத்தில் என்று எழுதியிருக்கலாம். அருப்புக்கோட்டையில் பேருந்து ஏறியதிலிருந்து அந்த ஒரு சொல் சேலை முந்தானை ஆணியில் மாட்டியதுபோல் என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பதினான்கு. உள்ளே சுவர்களுக்கெல்லாம் கம்பளம் ஒட்டியிருக்கிறது. சோதனை செய்யும் பெண்ணின் பெயர் ஷமீமா பர்வீன் என்று மேசைப் பலகை சொல்கிறது. என்னிடம் படித்த கடைசி ஆண்டுப் பிள்ளைகளைவிட இளையவளாக இருப்பாள். பொத்தான் போன்ற ஒரு கருவியைப் பூங்கோதையின் முடிக்குள் கொண்டுபோகிறாள். உள்ளிருக்கும் காந்தம் அதைப் பற்றிக்கொள்கிறது. ஒரு பிடியும் இல்லாமல் அது அங்கேயே நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கால்விரல்கள் மடங்குகின்றன. கணினியில் ஏதோ தட்டுகிறாள். பூங்கோதையின் தோள்கள் சட்டென்று உயர்கின்றன. "இது என்ன, கர்ர்ர்னு?" "ஃபேன்க்கா." அண்ணாந்து பார்க்கிறாள். "இதுக்குக் கீழயா இத்தன வருசம் தூங்கினேன்? எல்லாரும் எப்படித் தூங்குறீங்க?" ஷமீமா சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்கும் பூங்கோதை திரும்புகிறாள், வாயைப் பார்ப்பதற்கு முன்பே திரும்புகிறாள். "அம்மா, நீங்க ஏதாவது பேசுங்க" என்கிறாள் ஷமீமா. முப்பத்து நான்கு ஆண்டு வகுப்பில் பேசியே பிழைத்தவள் எந்தச் சொல்லில் தொடங்குவது? கோதை என்று அழைக்கலாமா? அது அவள் தகப்பனார் அழைத்த பெயர். அவர் மட்டும் அழைத்த பெயர். அதை நான் எடுத்துக்கொள்ள உரிமை இல்லை. "பூங்கோதை!" என்றேன், வழக்கமான என் குரலில், மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும் குரலில். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்துவதற்கு அங்கே மடல் இல்லாததால் கருவியின்மேல் கையை வைத்தாள். "கத்தாதீங்கம்மா." இந்தச் சொற்றொடரை அவள் என்னிடம் சொல்வது இதுவே முதல் முறை. பிறந்ததிலிருந்து இவளிடம் கத்தியே பேசியிருக்கிறேன், கொஞ்சியதையும் கத்தியே கொஞ்சியிருக்கிறேன். மெதுவாகப் பேச எனக்குப் பழக்கமே இல்லை. மறுபடியும், குரலைப் பாதியாகக் குறைத்து, "பூங்கோதை" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உங்க குரல் இவ்வளவு சின்னதா? எனக்கு எப்பவும் நீங்க கோவமா இருக்கிற மாதிரியே இருக்கும்." நான் கோபமாகத்தான் இருந்தேனா? இருந்திருப்பேன். குறையுள்ள பிள்ளை என்று என் பிள்ளையை ஒருவர் சொல்லிவிடக் கூடாது என்ற கோபம் எனக்குள் அணையவே இல்லை. அதைத் தாய்ப்பாசம் என்று எழுதிவைத்துக்கொண்டேன்.

"இப்ப ஒரு சின்ன டெஸ்ட்டுக்கா" என்கிறாள் ஷமீமா. "நான் பின்னால நின்னு வார்த்த சொல்லுவேன், வாய மறைச்சுக்குவேன். கேட்டதத் திருப்பிச் சொல்லுங்க. தப்பா வந்தாலும் பரவால்ல. எது கேக்கலன்னு தெரிஞ்சாத்தான் அந்தச் சத்தத்தக் கூட்டி வைக்க முடியும். இருபத்தஞ்சு வார்த்த." இருபத்தைந்து. ஷமீமா அட்டையில் செருகிய தாளை மேசைமேல், என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடுகிறாள். நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை; எழுத்து எங்கே இருந்தாலும் என் கண் போய்விடும். படியிலிருந்து படியெடுத்து, அதிலிருந்தும் படியெடுத்து, சாம்பல் பூத்துப்போன தாள். இடப்புறம் இரட்டைக் கோடு. புள்ளிகள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டங்களாக இருக்கின்றன. மெய்யெழுத்தின் தலையில் அப்படி வட்டம் இடுகிறவர்கள் எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருவர்தாம். மற்றவள் திருமணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். படகு. மிளகு. தூண். சாவி. என் கை. என் கையெழுத்து. ஷமீமா என் பார்வையைக் கவனித்து, "நல்ல கையெழுத்துல்லம்மா? நாங்க படிக்கிறப்ப சீனியர் குடுத்தது. அவங்களுக்கு அவங்க சீனியர். யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்குத் தெரியும். ஆனி மாதம், இவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நான் பணி செய்த பள்ளியிலேயே, என் கண்ணெதிரே. தாளாளர், "டீச்சர், உங்களுக்காக மாட்டேன்னு சொல்ல முடியல. ஆனா நாளைக்கு ஒருத்தரும் கேக்கக் கூடாது பாருங்க. சாதாரணப் பள்ளியில படிக்கிற அளவுக்குக் காது கேக்குதுன்னு ஆஸ்பத்திரியில ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க. இல்லன்னா அந்தப் பிள்ளைங்களுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கு, ஹாஸ்டலோட" என்றார். விடுதி. ஆறு வயதில், இரண்டு மாவட்டம் தாண்டி, இரட்டைச் சடையைக் காதின்மேல் இறக்கி மடித்துக் கட்டத் தெரிந்த என் கையைவிட்டு. மருத்துவமனையில் அப்போது இருந்த சோதகர் பெயர் குருமூர்த்தி, மரியாதை தெரிந்த மனிதர். நான் படிவம் நிரப்புவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அச்சு மாதிரி எழுதுறீங்க. எங்க வார்த்தப் பட்டியல் கிழிஞ்சு நாசமாப் போச்சு. ஒரு நல்ல படி எழுதித் தர முடியுமா? பாப்பா டெஸ்ட்ட அடுத்த வாரம் வச்சுக்குவோம்" என்று கேட்டார். ஆசிரியையிடம் நல்ல கையெழுத்தில் ஒரு படி கேட்பதில் அவருக்குத் தவறொன்றும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான். வெள்ளைத் தாளில் இரட்டைக் கோடு போட்டு, இருபத்தைந்து சொற்களையும் அழகாக எழுதி அவரிடம் கொடுத்தேன். பேருந்தில் திரும்பும்போது மடியில் கைப்பையை வைத்து, நினைவிலிருந்து இன்னொரு படி எழுதினேன். ஒரு சொல்லும் தவறவில்லை. அதே ஆண்டு அரையாண்டுத் தேர்வில் வினாத்தாளை முன்கூட்டியே தனிப்பயிற்சிப் பிள்ளைகளுக்குக் காட்டிய உடனாசிரியை ஒருத்தியைப் பற்றித் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்தவளும் நான்தான். அவள் என் முன் அழுதாள். "தேர்வு என்பது தேர்வு" என்று அவளுக்கு விடை சொன்னேன். அப்படிச் சொன்னபோது என் குரலில் ஒரு தடுக்கலும் இல்லை.

ஏழு நாள். காலையில் தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, வாய்ப்பாடு போல. படகு, மிளகு, தூண், சாவி, வயல், ஏணி, கூரை. இவள் கெட்டிக்காரி, நான்காம் நாளே இருபத்தைந்தும் வரிசையாக வந்துவிட்டன. ஆனால் எப்போது அடுத்ததைச் சொல்வது என்று இவளுக்குத் தெரிய வேண்டுமே. குருமூர்த்தி பின்னால் நின்று, வாயை அட்டையால் மறைத்துக்கொண்டல்லவா சொல்வார்? அதற்கும் வழி கண்டேன். நான் எதிரே உட்காருவேன். அவர் ஒரு சொல்லைச் சொன்னதும் ஒரு முறை கண்ணை மூடித் திறப்பேன். நான் இமைத்தால் நீ சொல். இமைக்காவிட்டால் சொல்லாதே. அதோடும் நான் நிற்கவில்லை. முழு மதிப்பெண் வாங்கினால் ஐயம் வரும். ஆகவே பதினொன்றாவதையும் இருபதாவதையும் கேட்காததுபோல் விட்டுவிடச் சொன்னேன். தெரிந்த விடையைத் தெரியாது என்று சொல்ல ஒரு குழந்தைக்குக் கற்பித்தேன். அது அவளுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது! பதினொன்றாவதில் உதடு துடிக்கும். சொல் பல்லின் பின்னால் வந்து நிற்கும். என் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்வாள். மருத்துவமனையிலும் அப்படியே விழுங்கினாள். இருபத்து மூன்று. "பரவால்லயே டீச்சர், காத விட மூளை நல்லா வேல செய்யுது" என்று சொல்லிக் குருமூர்த்தி கையெழுத்திட்டார். அன்று மாலை அவள் தகப்பனார் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நின்று, அதே சொற்களை வரிசை மாற்றிச் சொன்னார். அவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர். எதையும் மாற்றிக் கூட்டிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். குழந்தை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், இமைக்கிறேனா என்று. நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அவர் வந்து நிலைப்படியில் நின்று, "நாலு" என்றார். "இருபத்தஞ்சுல நாலுதான் நாயகி. சர்டிபிகேட்டுல இருக்கிற இருபத்து மூணுல பாக்கி பத்தொன்பதும் நீ குடுத்தது." நான் பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். "அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில முகாம் போடுறாங்களாம். காது அடஞ்ச பிள்ளைங்களுக்குத் தலையில மாட்டுற பட்டை தர்றாங்க, எலும்பு வழியாக் கேக்குமாம். நம்ம பிள்ள பேரு அந்தச் சர்டிபிகேட்டால வராது. போய் உண்மையச் சொல்லிருவோம். பட்டை மாட்டினா என்ன கொறஞ்சு போச்சு?" சொன்னால் விடுதி. சொன்னால் நான் பொய்க்காரி. சொன்னால் பள்ளியில் என் பெயர். இந்த மூன்றில் எது முதலில் நின்றது என்று இன்றும் என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. விடுதி என்றுதான் எழுத ஆசைப்படுகிறேன். "முடியாது" என்றேன். அவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் எதையும் இரண்டாம் முறை கேட்பவர் அல்லர்.

அழைத்ததை மட்டும் இரண்டு முறை அழைத்தார். வந்துவிட்டது, நினைக்கக் கூடாது என்றிருந்தது வந்துவிட்டது. இவளுக்குப் பதினேழு வயது. நான் பள்ளியில் இருந்தேன், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு. அவர் குளியலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். எட்டு அடி தள்ளி, சுவருக்கு இந்தப் பக்கம், இவள் மேசையில் குனிந்து தமிழ்நாட்டு ஆறுகளை நீலத்தில் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவுக்குக் காற்றுப்புழை வழியாகக் கேட்டிருக்கிறது. அவள் சுற்றிக்கொண்டு வந்து, தட்டி, தட்டியது இவளுக்குக் கேட்காமல், சன்னல் வழியே துணி உலர்த்தும் கோலை விட்டு ஆட்டி, அதன் பிறகே இவள் நிமிர்ந்தாள். "ரெண்டு தடவ கூப்பிட்டாருக்கா. கோதை, கோதைன்னு. அப்புறம் கூப்பிடல" என்று வடிவு என்னிடம் சொன்னாள். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் என் கையை அருகே இழுத்து, "நான் கூப்பிட்டத அவகிட்டச் சொல்லாத. படம் வரைஞ்சிட்டு இருந்தா, நல்லா வந்திருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பட்டை என்று சொல்லவில்லை. பத்தொன்பது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரிடம் மறுத்துப் பேசியிருப்பேன், எனக்கு அது எளிது. அவர் சொல்லாமல் போனதற்கு மறுமொழி தேடிப் பத்தொன்பது ஆண்டுகள். இந்தத் தொகையும் அதுவே என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"ரெடியாக்கா?" ஷமீமா தாளை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறாள். பூங்கோதை நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். எதிரே. அட்டை உயர்கிறது. "படகு." பூங்கோதையின் கண்கள் என் வாயில் இல்லை. முப்பத்தாறு வயதுப் பெண், நரையோடிய வகிடு, அவளுடைய கண்கள் என் இமைகளின்மேல் நிற்கின்றன. நான் இமைக்காமல் இருந்தேன். "படகு" என்றாள். "மிளகு." "மிளகு." அவள் கேட்டுச் சொல்கிறாளா, அறிந்து சொல்கிறாளா? "தூண்." "தூண்." என் கண் எரிகிறது. இமைத்தால் காட்டிக்கொடுத்ததாகும், இமைக்காவிட்டால் நீர் வழியும். "சாவி." "சாவி." ஷமீமா சரி, சரி என்று கோடு போடுகிறாள், பேனா தாளில் உரசுவது கேட்கிறது. எல்லாம் சரி என்றால் எதையும் கூட்டி வைக்க மாட்டாள். கூட்டி வைக்காவிட்டால் இந்தக் குழந்தை, குழந்தை என்றா சொன்னேன், இந்தப் பெண் மறுபடியும் என் கையெழுத்தின் வழியாகவே உலகத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். சொல்லிவிடலாம். ஆனால் எப்படி? ஷமீமாவின் முன், ஒரு சிறுபெண்ணின் முன், நல்லாசிரியர் விருது வாங்கிய தில்லைநாயகி, எழுபத்திரண்டு வயதில், வினாத்தாளை வெளியிட்டவள் என்று. "வயல்." "வயல்." அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. காத்திருக்கிற முகம். "ஏணி." "ஏணி." அடுத்தது கூரை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், ஷமீமா மட்டும் சொல்ல வேண்டும். பூங்கோதையின் உதடு முன்பே குவியத் தொடங்குகிறது, பின்னால் இன்னும் ஒலி எழவில்லை, அந்தக் குவிந்த உதட்டைப் பார்த்தேன், ஆறு வயது உதடு.

"நிறுத்தம்மா" என்றேன். கத்தவில்லை. "இந்தப் பட்டியல் வேண்டாம். இது இவளுக்கு மனப்பாடம்." ஷமீமா அட்டையை இறக்கினாள். "எப்படிம்மா?" "நான் சொல்லிக்கொடுத்தேன். இது என் கையெழுத்து. முப்பது ஆண்டுகளுக்கு முன் இவளுக்கு இதே சோதனை வைத்தார்கள். நான் ஒரு படி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்போது இவளுக்கு உண்மையில் கேட்டவை நான்கு." எழுதி வைத்துப் படிப்பதுபோல் வந்தது, வேறு விதமாகப் பேச எனக்குத் தெரியாது. ஷமீமா தாளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், "கையெழுத்து உங்களுதா? எங்க காலேஜ் பூரா இதத்தான்மா படிச்சோம்" என்றாள். பூங்கோதை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து வரைக்கும் பொறுப்போம்னு நெனச்சேன்" என்றாள். "என்னது?" "நீங்க சொல்லலன்னா பதினொண்ணாவதுல நானே சொல்லியிருப்பேன். அதத்தான் விடச் சொல்லுவீங்கல்ல. நீங்க ஏழுலயே சொல்லிட்டீங்க." அவள் குரலில் வெற்றி இல்லை, விடைத்தாள் திருத்திக் கொடுப்பவளின் களைப்பு இருந்தது. "ஆபரேஷனுக்கு நாள் குறிக்க இங்க வந்தப்பவே இந்தத் தாளப் பாத்தேன்மா. வட்டம் வட்டமா. உங்க கை எனக்குத் தெரியாதா? அதான் எதிர உக்காரச் சொன்னேன்." மன்னிப்பு என்ற சொல்லை எத்தனையோ பிள்ளைகளை நூறு முறை எழுத வைத்திருக்கிறேன். எனக்கு அது வாய்க்கு வெளியே வரவில்லை. "அப்பாவும் ஒரு தரம் பேப்பர வச்சு மறைச்சிட்டுக் கேட்டாருல்ல" என்றாள் அவள், தனக்குள் சொல்வதுபோல். "எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போய்ட்டீங்க." பிறகு, "இன்னைக்குப் போகாதீங்க. திரும்பி மட்டும் உக்காருங்க" என்றாள்.

வேறு பட்டியல் இருந்தது. அச்சிட்டது, யாருடைய கையும் இல்லாதது. நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு ஒரு சாண் முன்னால் சாம்பல் நிறக் கம்பளம். அதன் இழைகளில் சிறு தூசு. வகுப்பில் பிள்ளைகளை இப்படித்தான் சுவரைப் பார்த்து நிற்க வைப்பேன். அங்கே நின்றவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்கு இதுவரை தெரிந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை முறை வேண்டுமானாலும் இமைக்கலாம். பின்னால் ஷமீமாவின் குரல்: "முறம்." ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குள் நான் விழுந்துகொண்டே இருந்தேன். "முறம்" என்றாள் என் மகள். யாரும் சொல்லித்தராத சொல். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டேன். விடைத்தாள் கூட்டும்போது அப்படித்தான் எண்ணுவேன். "வாழை." "வாழை." இரண்டு. "நகம்." "…தெரியல" என்றாள், தெரியவில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததில்லை. "பரவால்லக்கா, அடுத்தது. கயிறு." "கயிறு." எண்ணிக்கொண்டே போனேன். நடுவில் வெளியே எங்கோ ஒரு வண்டி ஒலியெழுப்ப, "அது என்ன?" என்று கேட்டு, "ஹாரன்" என்று தெரிந்துகொண்டு, "மன்னிச்சுக்கோம்மா, திரும்பச் சொல்லு" என்றாள், எவ்வளவு எளிதாக வருகிறது இவளுக்கு அந்தச் சொல். ஒருவேளை இவள் வீட்டுக்கு வரும் ஒரு நாள் வடிவு காற்றுப்புழை வழியாகக் கேட்டதைச் சொல்லிவிடுவாள். ஒருவேளை நானே சொல்வேன், சுவரைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில். சொல்லாதே என்றார் அவர். அவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவதா, இல்லை, மறைத்தால் இவளிடமிருந்து எடுத்ததில் அதுவும் சேருமா? "கடைசி வார்த்தக்கா. துணி." "துணி." பேனா மூடும் ஒலி. "இருபத்தஞ்சுல இருபத்தொண்ணு! மொத நாளே இது ரொம்ப நல்ல ஸ்கோர். நகம் மாதிரி நாலஞ்சு சத்தம் மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்." என் விரல் கணுக்களும் இருபத்தொன்று என்றே சொல்லின. ஆனால் என் கூட்டல் அதோடு முடியவில்லை. அதில் நான்கு அவளுக்கு எப்போதும் இருந்தவை, அவள் தகப்பனார் நாளிதழுக்குப் பின்னாலிருந்து எண்ணிச் சொன்னவை, அவற்றைத் தொட எனக்கு உரிமை இல்லை. நான் கொடுத்ததாக நடித்து எடுத்துக்கொண்டவை பத்தொன்பது. இன்று வந்தவற்றைக் கழித்தால் மீதி நிற்பவை இரண்டு; அந்த இரண்டும் குளியலறையிலிருந்து அவர் அழைத்தவை, இந்த அறையில் அவற்றைக் கூட்டி வைக்கும் பொத்தான் இல்லை. "அம்மா" என்று பின்னாலிருந்து அவள் மெதுவாக அழைத்தாள், கத்தாமல், நான் திரும்புவதற்காக. நான் திரும்பவில்லை. விரலை இன்னும் கணுவில் வைத்திருந்தேன், தொகையை விட்டுவிடாமல். இன்று அவளுக்குத் திரும்பியவை பதினேழு.